பதின்மூன்று தலைமுறைத் திராட்சைத் தோட்டம்

இக்கட்டுரையின் தலைப்பைப் பார்த்தவுடனேயே சங்கத்து நண்பர்கள் சிலர், "இவருக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கக்கூடும். என் மகளும் அப்படித்தான் கேட்டாள். "ஒயின் தயாரிக்கிற இடத்துக்கா? நீங்களா அப்பா?" என்று சிரித்தாள். காப்பியைத் தவிர வேறு எந்தப் பானத்துக்கும் அடிமையாகாதவன் நான். எழுபது வயதைக் கடந்தபின் புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கும் உத்தேசமும் இல்லை. ஆயினும் போக ஆசைப்பட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் வசிக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மருந்து ஆராய்ச்சி வேலை. பேரனுக்கு ஏழு வயது. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளும் சந்திக்கும் ஊர் பாசல். காலையில் ஒரு நாட்டில் பால் வாங்கி, மாலையில் இன்னொரு நாட்டில் காய்கறி வாங்குகிறவர்கள் அங்கே சர்வசாதாரணம். 2023 செப்டம்பர் கடைசியில் நான் அங்கே இருந்தபோது, "அல்சாஸ் பக்கம் பழம் பறிக்கிற சமயம் இது. ரிக்விர் என்ற ஊரில் 1639-லிருந்து ஒரே குடும்பம் நடத்தும் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. போய் வரலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை. முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார்.

மதிற்சுவருக்குள் ஓர் ஊர்

காரில் ஒரு மணி நேரப் பயணம். எல்லையில் கடவுச்சீட்டைக் கேட்க ஆளில்லை. இடது பக்கம் வோஸ்ஜ் மலைத்தொடர் நீலமாகக் கூடவே வந்தது. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை அந்த மலை தடுத்துவிடுவதால், அதன் கிழக்குச் சரிவு பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. வெயில் உண்டு, காற்று உண்டு, அளவான ஈரம் உண்டு. திராட்சைக்கு வேறென்ன வேண்டும்? கொல்மார் நகரைத் தாண்டியதும் குன்றுகள் முழுவதும் கொடிகள், சீப்பால் வாரிவிட்டாற்போல் வரிசை வரிசையாக நின்றன.

ரிக்விர் சின்னஞ்சிறு ஊர். சுமார் ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். சுற்றிலும் பழைய மதிற்சுவர். ஊரின் மேல்கோடியில் 1291-இல் கட்டிய டோல்டர் என்னும் காவற்கோபுரம். கல் பாவிய தெருவின் இருபுறமும் மரச்சட்டங்கள் வெளியே தெரியும் வீடுகள். மஞ்சள், நீலம், செம்மண் நிறங்களில் சுவர்கள். சன்னல் தோறும் பூந்தொட்டிகள். இரண்டாம் உலகப் போரில் அக்கம்பக்கத்துக் கிராமங்கள் பல தரைமட்டமாயின. இந்த ஊர் பெரும்பாலும் தப்பிவிட்டது.

தெருவின் நடுவே ஹூகெல் குடும்பத்தாரின் கடை. நம் ஊரில் 'அண்ட் சன்ஸ்' என்று பலகை வைப்பதைப் போல நெடுங்காலம் இவர்களும் 'ஹூகெலும் புதல்வர்களும்' என்றே போட்டு வந்தார்கள். இப்போது அது 'ஹூகெல் குடும்பம்' என்று மாறியிருக்கிறது. பெண்களும் உண்டு என்பது முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகாவது நினைவுக்கு வந்ததே என்றாள் என் மகள். ஜெர்மன் மொழியில் ஹூகெல் என்றால் குன்று. அதனால் குடும்பச் சின்னத்திலும் மூன்று குன்றுகள்.

எங்களை அழைத்துப் போக முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர், பக்கத்துக் கிராமத்துக்காரர். தெளிவான ஆங்கிலம். அதைவிடத் தெளிவான பொறுமை. நான் கேட்ட கேள்விகளுக்கு அது தேவையாகவும் இருந்தது.

நிலவறையில்

முதலில் நிலவறைக்கு இறங்கினோம். படி இறங்க இறங்கக் குளிர்ந்தது. ஈரக் கல்லும் பழைய மரமும் புளித்த பழமும் கலந்த வாசனை. இருபுறமும் ஆள் உயரத்தைத் தாண்டிய ஓக் மரப் பீப்பாய்கள். அவற்றில் ஒன்றன் முன்னே அந்தப் பெண் நின்று, "இதன் பெயர் புனித கேத்தரின்" என்றார். முகப்பில் 1715 என்ற ஆண்டு. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் இறந்த ஆண்டு அது. ஏறத்தாழ 8,800 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய் இன்றும் வேலை செய்கிறது. தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் ஒயின் பீப்பாய்களிலேயே பழமையானது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது.

"முந்நூறு ஆண்டு மரம் ஒயினுக்கு என்ன சுவையைக் கொடுக்கும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் கொடுக்காது. அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார் அவர்.

புதிய மரப் பீப்பாயில் ஊற்றினால் மரத்தின் மணம் ஏறிவிடும். சில ஊர்களில் அதை விரும்புவார்கள். இங்கே பழத்தின் மணம் மட்டுமே தெரியவேண்டும் என்பது கொள்கை. ஆண்டாண்டாக ஒயினில் இருந்து படியும் டார்டார் என்னும் உப்பு, பளிங்குப் பொடிபோல் பீப்பாயின் உட்புறத்தை மூடிவிடுகிறது. மரம் இருக்கிறது, ஆனால் ஒயின் மரத்தைத் தொடுவதில்லை. முகப்பின் அடியில் ஒரு சிறு கதவு. கழுவுகிற ஆள் அதன் வழியாகத்தான் உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைய வேண்டும். என் பேரன் தனக்கு அந்தக் கதவு சரியாக இருக்கும் என்று அளவு பார்த்துக் கொண்டிருந்தான்.

1639-இல் ஹான்ஸ் உல்ரிக் ஹூகெல் என்பவர் இந்த ஊரில் குடியேறினார். அப்போது ஐரோப்பாவை முப்பதாண்டுப் போர் சூறையாடிக் கொண்டிருந்தது. அல்சாஸில் எத்தனையோ ஊர்கள் கொள்ளையாலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் காலியாகிவிட்டன. கொடிகளைக் கவனிக்க ஆளில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வந்து, ஊரின் திராட்சைக்காரர் சங்கத்தில் இடம்பிடித்தவர் அவர். அவருடைய மகன் 1672-இல் வீடு கட்டிச் சின்னத்தையும் பொறித்தார். இன்று 'பூர்வீகக் குடும்பம்' என்று நாம் வியக்கிறவர்களின் முதல் மனிதரும் வந்தேறியே என்பதை அறிந்தபோது, தில்லிக்கு வந்து ஐம்பது ஆண்டாகிவிட்ட எனக்கு ஏனோ சற்று ஆறுதலாக இருந்தது.

பதின்மூன்று தலைமுறை என்றால் நேர்க்கோடாக வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்னும் சிறு பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களை எல்லாம் தின்று தீர்த்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீண்டும் உண்டாக்கினார்கள். ஆகவே தலைமுறை தலைமுறையாக வந்த கொடிக்கும் கீழே இருப்பது அயல்நாட்டு வேர்தான்! 1902-இல் ஃபிரெடெரிக் எமில் ஹூகெல் இப்போதுள்ள இடத்துக்குத் தொழிலை மாற்றினார். விளைச்சல் மிகுந்த மலிவு ரகங்களை நோக்கி ஊரே ஓடியபோது, ரீஸ்லிங் போன்ற உயர்ந்த ரகங்களையே பயிரிட வேண்டும் என்று வாதாடியவர் அவர்.

பதினோராம் தலைமுறையைச் சேர்ந்த ஜான் ஹூகெல் 2009-இல் காலமானார். பழத்தைக் கொடியிலேயே நெடுநாள் கனியவிட்டுத் தாமதமாகப் பறித்துச் செய்யும் ஒயினுக்கு, எவ்வளவு சர்க்கரை இருந்தால் அந்தப் பெயரைப் போடலாம் என்ற கடுமையான விதிகளை வகுப்பதில் முன்னின்றவர் அவரே. 1984-இல் அது சட்டமாயிற்று. தம்மையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தாமே கேட்டு வாங்கிய வியாபாரியை நான் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் சொன்னபின், "ஒரு குடும்பத்தால் எப்படி இத்தனை காலம் ஒன்றாக வைத்திருக்க முடிகிறது?" என்று கேட்டேன். பிரெஞ்சுச் சட்டப்படி சொத்து பிள்ளைகள் எல்லாருக்கும் உரியது. 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சட்டத்தொகுப்பின் வழி வந்தது. பங்கு பிரித்துப் பிரித்தே சிதறிப்போன தோட்டங்கள் அந்நாட்டில் ஏராளம். இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒரே குடும்பத்திடம் இருக்கும் நிறுவனங்களுக்கென 1981-இல் எனோக்கியன் என்றொரு சங்கம் தொடங்கினார்கள். ஹூகெல் குடும்பம் அதில் உறுப்பினர். உலகம் முழுவதும் தேடினாலும் அதன் உறுப்பினர்களைச் சில வரிகளில் எழுதி முடித்துவிடலாம்.

அந்தப் பெண் சிறிது யோசித்தார். "ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இங்கேயே இருக்கச் சம்மதிக்க வேண்டும். மற்றவர்கள் அவரை இருக்கவிட வேண்டும். அதில் இரண்டாவதுதான் கடினம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்" என்றார்.

நான் பேசாமல் படியேறினேன்.

சோழவந்தான் கொடிக்கால்

போக ஆசைப்பட்ட காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மதுரைக்கு அருகே சோழவந்தான். பாட்டனார் காலத்திலிருந்து எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களின் நிழலில், இடுப்பளவு வாய்க்காலில் நின்று அப்பா கொடி கட்டுவார். விடியற்காலையில் இலை கிள்ளி, எண்ணி, கவுளி கவுளியாக அடுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிச் சந்தைக்கு அனுப்புவார்கள். நாங்கள் மூன்று பிள்ளைகள். ஒருவர் சென்னை, ஒருவர் பம்பாய், நான் தில்லி ரயில்வே கணக்குத் துறை. அப்பாவுக்கு முடியாமல் போனபோது, "உங்களில் ஒருத்தர் வந்தால் போதும்" என்று கார்டு எழுதினார். மூவருக்கும் ஒரே வாசகம். ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் எதிர்பார்த்தோம். 1991-இல் விற்றோம். பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. நான் மூத்தவன்.

விற்றதில் தவறில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதுவே படுகிறது. ஆனாலும் முந்நூற்று எண்பது ஆண்டுகளாக விற்காத ஒரு குடும்பத்தின் வாசலையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

மொழியின் கதை

மேலே கடையில் மாப்பிள்ளை சுவை பார்த்தார். நான் வாசனை மட்டும் பார்த்தேன். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற ரகத்தின் கிண்ணத்தை மூக்கருகே கொண்டு சென்றதும், ஜூன் மாதத்துத் தில்லியில் தள்ளுவண்டியில் விற்கும் லிச்சிப் பழமும் பன்னீர் ரோஜாவும் சேர்ந்து வந்தன. இது என் கற்பனை அல்ல. அந்த ரகத்துக்கு உரிய மணமே அதுதானாம்.

பிறகு மதிலுக்கு வெளியே அழைத்துப் போனார்கள். சுவரை ஒட்டியே ஷோனென்பூர் என்னும் குன்று எழுகிறது. 'அழகிய குன்று' என்று பொருள். தெற்கு பார்த்த செங்குத்தான சரிவு. ஹூகெல் குடும்பத்துக்கு மொத்தம் ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் நிலம். நம் கணக்கில் எழுபத்தைந்து ஏக்கர் போல. அதில் ஒரு பகுதி இந்தச் சரிவில். பழத்தைக் கையால்தான் பறிக்கிறார்கள்.

பாதையோரம், தம் சொந்தத் துண்டு நிலத்தில் ஒரு பெரியவர் பழம் பறித்துக் கொண்டிருந்தார். எண்பது வயதாவது இருக்கும். எங்களை அழைத்து வந்த பெண்ணைப் பார்த்ததும் அவர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் பிரெஞ்சில் பதில் சொன்னார். பெரியவர் மறுபடியும் பேசினார். அது பிரெஞ்சு இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

என் பேரன் திடீரென்று அவருக்குப் பதில் சொன்னான்!

பெரியவர் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது. மீண்டும் ஏதோ கேட்டார். பையன் மீண்டும் பதில் சொன்னான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கொத்துப் பழத்தை வெட்டி அவன் கையில் வைத்தார்.

விஷயம் இதுதான். அல்சாஸ் மக்களின் தாய்மொழியாகிய அல்சாசியமும், பாசல் நகரில் பேசும் சுவிஸ் ஜெர்மனும் அக்காள் தங்கை முறை. என் பேரன் அதைப் பாலர் பள்ளியில் விளையாட்டுத் தோழர்களிடம் கற்றவன். "பழம் இனிக்குதா புளிக்குதான்னு கேட்டாரு தாத்தா. இன்னும் சாப்பிடலையேன்னு சொன்னேன்" என்றான்.

"எனக்குப் புரியும். பேச வராது" என்றார் அந்தப் பெண், சற்றே வெட்கத்துடன். "என் பாட்டி அல்சாசியத்தில்தான் பேசுவார். அம்மாவுக்குத் தெரியும். எங்களிடம் பேசவில்லை."

ஏன் பேசவில்லை என்பதற்கு அந்த மண்ணின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1871-இல் போரில் தோற்ற பிரான்ஸ், அல்சாஸை ஜெர்மனிக்குக் கொடுத்தது. 1918-இல் அது பிரான்சுக்குத் திரும்பியது. 1940-இல் ஹிட்லரின் படை பிடித்தது. 1945 பிப்ரவரியில் கொல்மார் மீட்கப்பட்டது. 1869-இல் பிறந்து 1945 வரை வாழ்ந்த ஒருவர், வீட்டு வாசலைத் தாண்டாமலே நான்கு முறை குடியுரிமை மாறியிருப்பார். 1940-க்குப் பின் பிரெஞ்சு பேசுவதே குற்றம். தெருப் பெயர், கடைப் பெயர், மனிதர் பெயர் எல்லாவற்றையும் ஜெர்மனாக்கினார்கள். 1942 முதல் அல்சாஸ், மோசெல் பகுதிகளிலிருந்து சுமார் 1,30,000 பேரை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். 'எங்கள் விருப்பத்துக்கு மாறாக' என்பதே அவர்களுக்கு வரலாற்றில் நின்ற பெயர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை.

போர் முடிந்ததும் காற்று மறுபக்கம் அடித்தது. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று பிரசாரம் செய்தார்கள். அல்சாசியம் ஜெர்மன் சாயலுடையது. ஜெர்மன் எதிரியின் மொழி. பள்ளியில் பேசிய பிள்ளைகள் தண்டனை பெற்றார்கள். அவர்கள் பெற்றோரானபோது தம் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். 2012-இல் எடுத்த ஆய்வொன்றில், அல்சாஸ் மக்களில் 43 விழுக்காட்டினர் அல்சாசியம் நன்றாகப் பேசுவதாகச் சொன்னார்கள். 3 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 3 விழுக்காடுதான்!

ஹூகெல் குடும்பம் தம் சிறந்த ஒயின் வகை ஒன்றுக்கு 'க்ரோஸி லாயி' என்று பெயரிட்டிருக்கிறது. சிறந்த நிலம் என்ற பொருளில் அது அல்சாசியச் சொல். புட்டியின் மேல் சீட்டில் மொழி இருக்கிறது. தெருவில் அதைப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளை பாசலில் இருந்து வரவேண்டியதாயிற்று.

அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "நீங்கள் பையனிடம் பேசுகிறீர்களே, அது என்ன மொழி?"

"தமிழ்."

"உங்கள் நாட்டுத் தலைநகரில் அதைத்தான் பேசுவார்களா?"

"இல்லை, இந்தி பேசுவார்கள். இவன் அம்மா தில்லியில் பிறந்து வளர்ந்தவள்."

"அப்படியானால் அவருக்குத் தமிழ் எப்படி?"

சங்கத்தின் வார வகுப்புகளைப் பற்றிச் சொன்னேன். பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அழுகிற பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதையும், வீட்டில் இந்தியில் கேட்டால் பதில் சொல்வதில்லை என்று என் மனைவி வைத்திருந்த சட்டத்தையும் சொன்னேன். என் மகள், "எனக்கு எவ்வளவு கோபம் வரும் தெரியுமா!" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உங்கள் அம்மா செய்ததை என் அம்மா செய்யவில்லை" என்றார்.

விற்காத குடும்பத்தைப் பார்த்து ஏங்க வந்தவன் நான். நிலம் கைவிட்டுப் போகாத ஊரில் பிறந்தவர் என் மகளைப் பார்த்து ஏங்குவார் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றியவர்கள் எங்கேனும் இருக்கலாம். எங்கள் இரு வீட்டிலும் இல்லை.

திரும்பும் வழியில்

காரில் திரும்பும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, நம்ம தோட்டத்திலேயும் கொடி இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்களே, அதில என்ன பழம்?"

"பழம் இல்லைடா, இலை" என்றேன்.

பாசல் வருவதற்குள் கொடிக்கால், அகத்தி, கவுளி என்று மூன்று சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன். கொடிக்கால் உடனே வந்தது. அகத்திக்குச் சற்று நேரம் பிடித்தது. "ஒரு கவுளின்னா எத்தனை?" என்றான். "நூறு இலை" என்றேன். "யார் எண்ணுவாங்க?" என்றான். "என் அப்பா எண்ணுவார், பார்க்காமலே விரலாலேயே எண்ணுவார்" என்றேன். அவன் தன் விரல்களைத் தேய்த்து எண்ணிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான்.

தில்லிக்குத் திரும்பியபின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் கொடிக்காலைப் பற்றி ஒரு புதுச் சொல் கேட்கிறான். எனக்குத் தெரிந்தவை தீர்ந்து வருகின்றன. சோழவந்தானில் இன்னும் கொடிக்கால் வைத்திருக்கும் என் சிற்றப்பா மகனுக்குப் போன வாரம் போன் செய்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு பேசினோம். "என்னண்ணே, திடீர்னு?" என்றான். "ஒன்றுமில்லை, கொடி கட்டும் நாருக்கு நாம என்ன பேர் சொல்லுவோம்?" என்று கேட்டேன்.

அரை மணி நேரம் பேசினான்.